மதியம் வாசித்த பாடம்

நான் எட்டாம் வகுப்புவரை படித்தவன். நாகர்கோவிலில் ஒரு கல்லூரி நூலகத்தில் அட்டெண்டர். புத்தகம் அடுக்குவது, தூசி தட்டுவது, சாயங்காலம் ஜன்னல் அடைப்பது.

மனைவி இறந்த அடுத்த வருஷம் பி.ஏ. தமிழுக்கு ஒரு பையன் சேர்ந்தான். பக்கத்துக் கொட்டாரம் ஊர்க்காரன். இரண்டு கண்ணும் தெரியாது. ஒரு மதியம் என் மேசையைத் தடவிக்கொண்டு வந்து நின்றான்.

"அண்ணாச்சிக்கு வாசிக்கத் தெரியுமா?"

எங்கள் சபையில் ஞாயிற்றுக்கிழமை வேதபாடம் வாசிக்கிறவன் நான். அந்தத் தைரியத்தில் தெரியும் என்றேன். அவன் பாடப் புத்தகத்தை நீட்டினான். சபையில் வாசிப்பதுபோலவே நீட்டி, நிறுத்தி வாசித்தேன். பாடம் முடிந்ததும் வாய் தானாக ஆமென் சொல்லிவிட்டது.

அவன் மேசையில் அடித்துச் சிரித்தான். "அண்ணாச்சி, இது இலக்கணமாக்கும். இதுக்கு ஆமென் கெடையாது."

"பரீச்சையில பாஸாவணும்லா? கெடக்கட்டும் மக்கா."

பிறகு தினமும் மதியம் வாசித்தேன். நான் ஆமென் சொல்ல மறந்தால் அவன் சொல்லுவான்.

வீட்டில் அடுப்பும் நானும்தான். நாள் முழுக்க என் குரலை ஒருவர் கேட்டது அந்த மதிய நேரத்தில் மட்டும்.

அவனுடைய மூன்றாம் வருஷம் பேசும் கம்ப்யூட்டர் வந்தது. பாடங்களை அதற்குள் ஏற்றினார்கள். மூலை அறையில் வைத்துக் காதுக்கு ஒரு கருவியும் கொடுத்தார்கள்.

"உங்களுக்கு ஒரு சொமை கொறஞ்சுது, இல்லியா?" என்றார் நூலகர் அம்மா.

"ஆமா மேடம்" என்றேன்.

முதல் நாள் அவனே வந்து சொன்னான். "அண்ணாச்சி, அதுக்கு ழ வரல்ல. பழத்தப் பளம்ங்கு."

"சொல்லிக் குடு மக்கா."

"ஆமென்னும் சொல்ல மாட்டேங்கு. ஆனா வேகத்தக் கூட்டிக்கிடலாம்."

அதன்பிறகு என் மேசைக்கு வரவில்லை. வழியில் என் செருப்புச் சத்தம் கேட்டால் "அண்ணாச்சி, சொகமா இருக்கியளா?" என்பான். "இருக்கேன் மக்கா" என்பேன். அவன் மேல் வருத்தம் இல்லை. பாஸாக வேண்டியவன் அவன். மதியம் சோறு தின்றுவிட்டு அலமாரிப் பக்கம் போய்விடுவேன். மேசையில் உட்கார்ந்தால் வாய் பாடத்தைத் தேடியது.

நல்ல மார்க் எடுத்தான். எல்லோருக்கும் மிட்டாய் கொடுத்தான். எனக்குக் கை நிறையக் கொடுத்தான். மேற்படிப்புக்கு மதுரை போய்விட்டான்.

மூலை அறையைத் துடைக்கப் போனேன். யாரோ போட்டுவிட்டுப் போன கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருந்தது. அவன் கூட்டி வைத்த வேகத்திலேயே இருந்தது போல. கருவியைக் காதில் வைத்தேன். படபடவென்று கொட்டியது. நான் அவனுக்கு வாசித்த பாடம்தானா, வேறா, தெரியவில்லை. ஒரு சொல்கூடப் பிடிபடவில்லை.

இந்த வேகத்தில் கேட்கக்கூடியவன்தான் இரண்டு வருஷம் என் வேகத்துக்கு உட்கார்ந்திருந்தான்.

அணைக்கத் தெரியவில்லை. நூலகர் அம்மாவைக் கூப்பிட்டு அணைக்கச் சொன்னேன். உறை போட்டு மூடினேன்.