பழைய ப்ளூஸ் சத்தமும் பக்கத்து வீட்டுத் தறியும்

எலெக்ட்ரிக் கிடாரை வைத்துப் பிழைப்பவனுக்கு வாசிப்பது பாதி வேலைதான்; வாசிக்காதபோது அது போடும் சத்தத்தை அடக்குவது மீதிப் பாதி. வீட்டு மாடியில் ஒரு கம்ப்யூட்டரையும் ஒரு மைக்கையும் வைத்துக்கொண்டு ‘ஸ்டுடியோ’ என்று போர்டு மாட்டிய சக பாவிகளே, உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காக நாலு வரி.

கிடாரில் கம்பிகளுக்குக் கீழே சின்னச் சின்னக் காந்தங்கள் இருக்கும். அவற்றைச் சுற்றி, தலைமுடியைவிட மெல்லிய செம்புக் கம்பியை ஆயிரக்கணக்கான சுற்றுகளாகச் சுற்றியிருப்பார்கள். இதற்குப் பெயர் பிக்கப். மேலே உள்ள கம்பி அதிர்ந்தால் இதில் துளி மின்சாரம் பிறக்கும், அது ஸ்பீக்கரில் பாட்டாக வரும். ப்ளூஸ் என்பது அமெரிக்காவில் பருத்திக்காட்டில் பாடுபட்ட கறுப்பின மக்களிடமிருந்து வந்த சோகப் பாட்டு. அந்தப் பழைய கிடார்களில் வந்த சத்தம் இப்போது கடையில் வாங்கும் கிடாரில் வராது. அதுதான் வேண்டும் என்று சித்திரை மாசம் சென்னையிலிருந்து ஒருவர் கேட்டார். ரிட்டையர் ஆன என்ஜினியர், தமிழில் ப்ளூஸ் எழுதிப் பாடுகிறவர். ஏழு பாட்டுக்குக் கிடார் வாசித்து அனுப்ப வேண்டும். முதல் பாட்டு பிடித்திருந்தால் மீதி ஆறும் எனக்கு.

இதே சித்திரையில்தான் என் அண்ணனும் வாயைத் திறந்தார். அவருக்கு அருப்புக்கோட்டையில் வத்தல், மல்லி மொத்த வியாபாரம். ஆவணி பிறந்ததும் காரியாபட்டியில் கிளை திறக்கிறார், கல்லாவில் உட்கார வீட்டு ஆள் வேண்டும். மூன்று வருஷமாக நான் மாடியில் என்ன செய்கிறேன் என்று ஒரு வார்த்தை கேட்காத மனுஷன். ஆடி முடிவதற்குள் சென்னை வேலை கைக்கு வந்தால் நான் மாடியிலேயே இருக்கலாம், வராவிட்டால் காரியாபட்டி. சரி என்று தலையாட்டிவிட்டேன்.

ஆள் இல்லாத கச்சேரி

எங்கள் மாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் பக்கத்து வீட்டு அண்ணாச்சியின் தறிக்கூடம். எட்டு விசைத்தறி, ராத்திரி பகல் இரண்டு ஷிப்டு. சுவரில் மெத்தை, போர்வை, சணல் சாக்கு என்று வீட்டில் இருந்ததையெல்லாம் அடித்தேன். காதுக்கு வரும் இரைச்சல் குறைந்தது. ஆனால் பிக்கப்புக்குக் காது கிடையாதே. மோட்டார் ஓடும் கரண்டிலிருந்தே அது ‘ம்ம்ம்’ என்று ஒரு முனகலை இழுத்துக்கொள்ளும். ஒற்றைச் சுருளுக்குப் பதில் இரட்டைச் சுருள் பிக்கப் போடு, முனகல் போய்விடும் என்பீர்கள். உண்மைதான். கூடவே பழைய சத்தமும் போய்விடும்.

நாற்காலியை மெல்ல மெல்லத் திருப்பிப் பார்த்ததில், ஒரே ஒரு திசையில் மட்டும் முனகல் பாதியாகக் குறைந்தது. அந்தத் திசையில் இருந்தது பாத்ரூம் கதவு. அதிலிருந்து நாலு மாசம் பாத்ரூம் கதவைப் பார்த்தபடியே சோகம் வாசித்தேன்.

தறியை எப்போதாவது நிறுத்துவீர்களா என்று கேட்கப் போனபோது அண்ணாச்சி நம்பவில்லை, தானே மாடியேறி வந்தார். கிடாரை ஆம்பில், அதாவது சத்தத்தைப் பெருக்கும் ஸ்பீக்கர் பெட்டியில், சொருகிவிட்டுக் கையை எடுத்துக் காட்டினேன். ‘ம்ம்ம்’ என்று அது பாட்டுக்கு முனகிக்கொண்டிருந்தது. அண்ணாச்சி இடுப்பில் கை வைத்து வெகு நேரம் கேட்டார். “நீங்க தொடாமலே இம்புட்டுச் சத்தம் வருதுன்னா, இதுக்கு எதுக்கு தம்பி ஒரு ஆளு?”

அண்ணன் வந்து பார்த்தது

வைகாசியில் ஒருநாள் அண்ணன் மாடிக்கு வந்தார். நான் திருப்புளியை வைத்து பிக்கப்பை நூலிழை நூலிழையாகக் கீழே இறக்கிக்கொண்டிருந்தேன். காந்தம் கம்பிக்கு ரொம்ப நெருக்கமாக இருந்தால் சத்தம் முரட்டுத்தனமாக வரும், தள்ளியிருந்தால் கொஞ்சம் தளர்ந்து வரும். கம்பியும் புதுசாக இருக்கக் கூடாது, ஒரு மாசம் கை வேர்வை பட்டு மங்கியிருக்க வேண்டும். இவ்வளவையும் பொறுமையாக விளக்கினேன். கிடாரோ போன தீபாவளிக்கு வாங்கியது, பளபளவென்று இருந்தது. அண்ணன் அதையும் பார்த்தார், என்னையும் பார்த்தார். “நான் பழைய மல்லியப் புதுசுன்னு வித்தா ஊரே காறித் துப்பும். நீ புதுசப் பழசுன்னு விக்கப் போற. நடத்துலே, நடத்து.”

போஸ் அண்ணனின் தாராளம்

இறக்கி ஏற்றியெல்லாம் ஒன்றும் ஆகவில்லை. பிரச்சனை சுருளிலேயே இருந்தது. இப்போது வரும் பிக்கப்புகளில் சுற்று அதிகம், அதனால் சத்தம் பெரிசாக, கனமாக வரும். அந்தக் காலத்துச் சுருளில் சுற்று குறைவு, சத்தம் சின்னது, ஆனால் தெளிவானது. பிரித்துக் குறைத்துச் சுற்ற வேண்டும். பஸ் ஸ்டாண்டு பக்கம் மோட்டார் வைண்டிங் கடை வைத்திருக்கும் போஸ் அண்ணனைவிட்டால் இந்த ஊரில் அதற்கு ஆள் கிடையாது. சுற்றுவட்டாரத்துக் கிணற்று மோட்டாரெல்லாம் எரிந்துபோனால் அவரிடம்தான் வரும். செம்புக் கம்பியை வரவழைத்துக் கொடுத்து, “ஏழாயிரத்து எட்டுநூறு சுத்து, அதுக்கு மேல ஒண்ணு கூட வேண்டாம்ணே” என்று சொல்லிவிட்டு வந்தேன்.

நாலு நாள் கழித்து வாங்கி வந்து மாட்டினால், முன்னைவிட முரட்டுச் சத்தம். கம்பளிக்குள்ளிருந்து பேசுவதுபோல் இருந்தது. திரும்பத் தூக்கிக்கொண்டு ஓடினேன். போஸ் அண்ணன் முகமெல்லாம் பெருமை. இரண்டாயிரம் சுற்று கூடுதலாகச் சுற்றி, வார்னிஷில் முக்கி, மோட்டார் காயிலோடு சேர்த்து வெயிலில் காய வேறு வைத்திருக்கிறார். தகரத்து மேல் வைத்ததில் பிளாஸ்டிக் சட்டம் லேசாக வளைந்தும் இருந்தது.

அவர் மேல் கோபப்படவும் முடியவில்லை. அந்தத் தொழிலில் திருட்டு என்றால் அது ஒன்றுதான்: செம்பைக் குறைத்துச் சுற்றிவிட்டு முழுசாகச் சுற்றியதாகச் சொல்வது. நான் குறை என்று சொன்னதை அவர், விவரம் தெரியாத பிள்ளை ஏதோ சிக்கனத்துக்குக் கேட்கிறான் என்று எடுத்துக்கொண்டார். “கொறச்சுச் சுத்திட்டான் போஸுன்னு நாளைக்கு ஒரு பய பேசிறக் கூடாதுல்ல தம்பி.”

எழுதிக் கொடுத்தது

இரண்டாவது தடவை வேறு சட்டம் கொண்டுபோய்க் கொடுத்தேன். போஸ் அண்ணன் மிஷினில் உட்காரவே மறுத்துவிட்டார். தெரிந்தே குறைத்துச் சுற்றக் கை வராது என்றார். டீ வாங்கிக் கொடுத்தேன், பழைய கிடார் சத்தத்தைப் போனில் போட்டுக் காட்டினேன், கெஞ்சினேன். கடைசியில் அவரே வழி சொன்னார். அவர் சொல்லச் சொல்ல ஒரு வெள்ளைத்தாளில், ‘காயிலில் சுற்றைக் குறைக்கச் சொன்னது நானே, என் முழுச் சம்மதத்துடன் பெற்றுக்கொண்டேன்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அப்புறம்தான் சுற்றினார். ஏழாயிரத்து எட்டுநூறு, அச்சு அசலாக.

கிடாரையும் பேட்டரியில் ஓடும் ஆம்பையும் கையோடு கொண்டுபோயிருந்தேன், அங்கேயே கடையில் வைத்து மாட்டிப் பார்த்தேன். முதல் கம்பியைத் தட்டியதும் வந்த சத்தத்தில் எனக்குக் கண் கலங்கிவிட்டது. மெலிசாக, லேசாகக் கீறலோடு, யாரோ பக்கத்தில் உட்கார்ந்து பேசுவதுபோல. போஸ் அண்ணனுக்கு அதெல்லாம் பிடிபடவில்லை. தாளை நாலாக மடித்துச் சாமி படத்துக்குப் பின்னால் சொருகினார். “இருவத்தஞ்சு வருசத்துல இன்னைக்குத்தான் தம்பி களவாணி வேல பாத்திருக்கேன். அதுவும் எழுதி வாங்கிட்டு.”

ஷட்டவுன் நாள்

சத்தம் கிடைத்துவிட்டது, அமைதி வேண்டுமே. மாசம் ஒரு நாள் பராமரிப்புக்காகக் காலையிலிருந்து சாயங்காலம் வரை கரண்டை நிறுத்துவார்கள். அன்றைக்குத் தறியெல்லாம் ஊமை. ஊரே புலம்பும் அந்த நாளைக் காலண்டரில் வட்டம் போட்டு வைத்துக் காத்திருந்தவன் நான் ஒருவன்தான். லேப்டாப்பில் பேட்டரி, ஆம்பிலும் பேட்டரி. ஆனி மாச ஷட்டவுன் அன்று ஒன்பது மணிக்குத் தறி நின்றது. கிடாரைச் சொருகினேன். ‘ஞீ’ என்று ஒரு கீச்சல். எங்கள் வீட்டு இன்வெர்ட்டர்.

அதை அணைத்தால் கீழே எல்லா ஃபேனும் நிற்கும். அணைத்தேன். தெருச் சத்தம் வராமலிருக்க ஜன்னலையும் சாத்தினேன். வேர்வையில் விரல் வழுக்கியது, சூட்டில் கம்பி சுருதி இறங்கிக்கொண்டே போனது. சாயங்காலம் நாலு மணிக்கு ஒரு முழுப் பாட்டு தேறியது. படியிறங்கி வந்தால் என் மனைவி விசிறியோடு வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள், இரண்டு பிள்ளைகளும் தரையில் ஈரத்துண்டைப் போட்டுப் படுத்திருந்தன. “ஏங்க, சோகப் பாட்டு உங்க பாட்டு. அதுக்கு நாங்க எதுக்குங்க வேகணும்?”

என்ஜினியரின் தீர்ப்பு

பாட்டை அனுப்பி மூன்று நாள் பதில் இல்லை. நாலாம் நாள் குரல் செய்தி வந்தது. சத்தத்தை வாயாரப் புகழ்ந்தார். பழைய ரெக்கார்டிலிருந்து எடுத்ததா என்றுகூடக் கேட்டார். அப்புறம் ஒரு கனைப்பு. என் விரல் ஒரு சுரத்திலிருந்து அடுத்ததற்கு இழைந்து போகும் இடம்தான் அவருக்கு இடித்திருக்கிறது. மாரியம்மன் கோயில் பொங்கலுக்கு வரும் நாதஸ்வரத்தைப் பக்கத்தில் நின்று கேட்டு வளர்ந்த கை, அது தன் போக்கில்தான் வளையும். “சத்தம் அப்படியே அந்தக் காலத்து அமெரிக்கா சார். ஆனா அழறது மட்டும் அருப்புக்கோட்டைக்காரர் அழற மாதிரியே இருக்கு.”

கேட்ட சரக்கு

ஆடி ஷட்டவுனில் மறுபடி வாசித்தேன். இழைவைக் குறைத்து, விரலைக் கட்டிப்போட்ட மாதிரி. வீட்டில் எல்லாரையும் மாமியார் வீட்டுக்கு அனுப்பிவிட்டேன். வெளியே ஆடிக் காற்று ஜன்னலை உலுக்கிக்கொண்டிருந்தது, அதற்கும் சாக்கை மடித்துச் சொருகினேன். ஆடி முடிய ஐந்து நாள் இருக்கும்போது பாட்டை அனுப்பினேன். இந்தத் தடவை அவர் குரல் செய்தி அனுப்பவில்லை, நேரடியாகப் போன் செய்தார். ரொம்ப மரியாதையான மனுஷர். என் உழைப்பைப் பாராட்டினார். இந்தச் சத்தம்தான், இதே சத்தம்தான் ஏழு பாட்டுக்கும் வேண்டும் என்றார். எனக்கு மாடியிலேயே குதிக்கலாம் போலிருந்தது.

“சார், தப்பா எடுத்துக்காதீங்க. அந்த பிக்கப்பை மட்டும் கழட்டிக் கூரியர்ல போட முடியுமா? இங்க என் அக்கா பையன் வாசிச்சிடுவான்.”

ஆடி முடிந்தது

முடியாது என்று சொல்லியிருக்கலாம். நீங்கள் சொல்லியிருப்பீர்கள். ஆனால் வந்து கேட்ட சரக்கைக் கையில் வைத்துக்கொண்டே இல்லை என்று சொல்ல எங்கள் குடும்பத்தில் யாருக்கும் வாய் வந்ததில்லை. நியாயமான விலையும் கொடுத்தார். கழற்றிப் பஞ்சில் சுற்றி, அட்டைப்பெட்டியில் வைத்து நானே போய் அனுப்பிவிட்டு வந்தேன். கிடாரில் அது இருந்த இடம் ஓட்டையாக இருந்தது. கோபம் அவர் மேலும் இல்லை, அந்த அக்கா பையன் மேலும் இல்லை. இத்தனை வருஷம் என் கையில் இருப்பதாக நினைத்துக்கொண்டிருந்த ஒன்றைத் திருப்புளியால் கழற்றிவிட முடிந்ததே, அதுதான் வலித்தது.

மறுநாள் அண்ணன் கடைக்குப் போய், காரியாபட்டிக்கு வாரேன் என்று சொன்னேன். வத்தல் நெடியில் தும்மிக்கொண்டே நடந்ததையும் சொன்னேன். சத்தம் அவர்களுக்குப் பிடித்துவிட்டது, என்னைத்தான் வேண்டாம் என்றுவிட்டார்கள். அண்ணன் கையிலிருந்த மல்லியை மூட்டையில் போட்டுவிட்டு என் முகத்தைப் பார்த்தார். சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன், படவில்லை. “சரக்கு நல்ல சரக்குன்னு தேறிருச்சுல்லலே? சரக்கு தேறாமத் திரும்பி வந்திருந்தா நானே உன்னக் கடையில சேத்திருக்க மாட்டேன்.”

ஆக, பழைய ப்ளூஸின் சத்தத்தைப் பிடிக்க எனக்கு நாலு மாசம் ஆனது; அந்தப் பருத்திக்காட்டு மக்கள் ஏன் அப்படிப் பாடினார்கள் என்று புரிந்துகொள்ள, ஆவணி முதல் திங்கட்கிழமை காரியாபட்டி பஸ்ஸில் நின்றுகொண்டே போன முக்கால் மணி நேரமே தாராளம்.