என் வீட்டுக்காரரின் வீட்டுச் செருப்பு

செருப்புச் சத்தம் கேட்டால்தான் எனக்கு மூச்சு சீராக வரும். சமையலறையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாலும் காது கூடத்தில்தான் இருக்கும். சரக் சரக் என்று வந்தால் சரி. நின்றுவிட்டால், ஒன்று என் வீட்டுக்காரர் உட்கார்ந்திருக்க வேண்டும், இல்லையென்றால் கழற்றிப் போட்டுவிட்டு வெறுங்காலோடு நடக்க வேண்டும். நறுக்குவதைப் போட்டுவிட்டு ஓடிப்போய்ப் பார்ப்பேன்.

நீரிழிவு அவர் பாதங்களில் இருந்த உணர்ச்சியைத் தின்றுவிட்டது. போன வருஷம் மீன் முள் ஒன்று குத்தி, உள்ளேயே இருந்து சீழ் பிடித்து, நாற்றம் வந்த பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. சுண்டு விரலை எடுத்துவிட்டார்கள். கட்டுப் பிரித்த அன்று ஆஸ்பத்திரி நர்ஸ், எங்கள் பேச்சில் மிஸ்ஸி, கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். வீட்டுக்குள்ளும் செருப்பு போட வேண்டும், இன்னொரு புண் வந்தால் பாதத்தையே எடுக்க வேண்டியிருக்கும். அவர் ஒரு மலாய்ப் பெண். இவர் விடுவாரா?

"உங்க வீட்டுக்குள்ள நீங்க போடுவீங்களா மிஸ்ஸி?" என்று மலாயிலேயே மடக்கினார்.

"போட மாட்டேன் அங்கிள். ஆனா எனக்கு முள்ளு குத்துனா வலிக்குமே," என்றார் அந்தப் பெண்.

ஜோகூர் பாருவில் எங்கள் தாமான் குடியிருப்பில் மலாய்க்காரர் வீடானாலும் நம்மவர் வீடானாலும் செருப்பு வாசலோடு சரி. பக்கத்து வீட்டுச் சீன அம்மா மட்டும் வாசலில் ஒன்றைக் கழற்றிவிட்டு உள்ளே வேறொன்றை மாட்டிக்கொள்வார். அவரிடமே கடையைக் கேட்டு, அதே மாதிரி மெத்தென்று ஒரு ஜோடி வாங்கி வந்தேன்.

"வீட்டுக்குள்ள செருப்பா? எங்கம்மா இருந்திருந்தா வெளக்கமாத்த எடுத்திருப்பாங்க."

"உங்கம்மா இருந்திருந்தா உங்க காலப் பாத்து அழுதிருப்பாங்க. போடுங்க."

போட்டார். ஆனால் சாமி மேடைக்கு முன்னால் கழற்றிவிடுவார். அதில் நானும் வாயைத் திறக்க முடியவில்லை. அந்த இடத்தை மட்டும் கூட்டித் துடைத்து, உள்ளங்கையால் தடவிப் பார்த்துவிட்டு விடுவேன். கும்பிட்டு முடித்து, விபூதி பூசி, அப்படியே மறந்து வெறுங்காலோடு வந்துவிடுவார். சாயங்காலம் பாதங்களை மடியில் தூக்கிவைத்துப் புரட்டிப் பார்ப்பேன். "என்ன, சந்தையில மீனா வாங்கற?" என்று கேலி செய்வார். எனக்குச் சிரிப்பு வராது. வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டவளுக்கு எங்கிருந்து சிரிப்பு வரும்?

அந்தச் சமயத்தில்தான் லாபிஸில் அவர் தங்கை வீட்டுப் புதுமனை புகுவிழா வந்தது. விரல் போனது அங்கே எல்லாருக்கும் தெரியும். உணர்ச்சி போனது தெரியாது. சொல்லவும் விடமாட்டார். "அங்க வந்து செருப்பு கிருப்புன்னு ஆரம்பிச்சே, வண்டிய அப்படியே திருப்பிடுவேன்" என்று கிளம்பும்போதே மிரட்டினார். சரி சரி என்று தலையாட்டிவிட்டு, மண்ணே படாத இன்னொரு ஜோடியைக் கைப்பைக்குள் திணித்துக்கொண்டேன். வழி நெடுக அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

போய்ச் சேரும்போது உச்சி வெயில். வாசல் கேட்டிலேயே செருப்புக் குவியல். அதற்கப்புறம் கார் நிறுத்தும் இடம், கூரை இன்னும் போடவில்லை, புதுசாகப் பதித்த கறுப்பு டைல்ஸ். வந்தவர்கள் எல்லாரும் ஆ ஊ என்று குதித்துக்கொண்டு உள்ளே ஓடினார்கள். நானும் சீர்த் தட்டோடு ஓடினேன். அவர் பின்னால் வருகிறார் என்றுதான் நினைத்தேன்.

தட்டை வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தால், மனிதர் அந்த டைல்ஸ் மேலேயே நின்று பழைய சிநேகிதர் ஒருவரோடு ஆற அமரப் பேசிக்கொண்டிருக்கிறார். சிநேகிதர் கேட்டுக்கு வெளியே, செருப்புக் காலோடு.

"பாருங்கலா, தீ மிதிச்ச காலு! அசையுதா பாருங்க!" என்று அந்த ஆள் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார். கூடத்தில் சிரித்தார்கள். இவருக்கும் பெருமை தாங்கவில்லை.

ஓடினேன். இரண்டு எட்டிலேயே என் கால் பொசுங்கியது. "இரு, பேசிக்கிட்டு இருக்கேன்ல" என்றவரைக் கையைப் பிடித்து இழுத்து வந்து கூடத்து நாற்காலியில் உட்கார வைத்தேன். கீழே உட்கார்ந்து கைப்பையைத் திறந்தேன். செருப்பைப் பார்த்ததும் அவர் தங்கைக்கு முகம் சுருங்கிவிட்டது.

"அண்ணி, இப்பத்தான் பால் காய்ச்சுனோம். ஓமப் புகைகூட அடங்கல. புது வீட்டுக்குள்ள போய்..."

"தரை அப்புறம் கழுவிக்கலாம்மா," என்றேன். கோபத்தில் சொன்னேனா பயத்தில் சொன்னேனா என்று எனக்கே தெரியவில்லை.

அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. அவமானத்தில் முகம் சிவக்க, தங்கையைச் சமாதானப்படுத்திக்கொண்டிருந்தார். "அவ அப்படித்தான்மா, நீ ஒண்ணும் மனசுல வச்சுக்காத."

அதற்குள் பாதத்தை என் மடியில் தூக்கி வைத்துவிட்டேன். அடிப்பாதம் முழுக்கத் தோல் வெளுத்து, நீர் கோத்து எழும்பியிருந்தது. குதிகாலில் உரிந்தே போயிருந்தது. தங்கை அதைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டாள்.

"வெந்துபோச்சுங்க," என்றேன்.

"எந்தக் காலு?" என்று கேட்டார்.