நிக்கல் காபனைல் செய்த காலை

கண்டிக் கல்லூரி ஒன்றில் நானும் யாழ்ப்பாணத்து நண்பர் ஒருவரும் இரசாயனம் படிப்பித்தோம். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கம் அது. உலோகம் ஆவியாகிப் பறந்து மறுபடி உலோகமாகும் என்று படித்ததிலிருந்து, அதைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்று அவர் துடித்தார்.

ஒரு சனிக்கிழமை காலை, இளஞ்சூட்டில் இருந்த நிக்கல் தூளின் மேல் காபன் மோனொக்சைட்டைச் செலுத்தினோம். உண்டான நிக்கல் காபனைல் கண்ணுக்குத் தெரியாத ஆவியாகப் போய், நன்றாகச் சூடாக்கிய அடுத்த குழாயில் பளபளவென்று நிக்கலாகப் படிந்தது. அவர் குழந்தைபோலச் சிரித்தார். அப்போது ரப்பர் இணைப்பு ஒன்று கழன்றது. குனிந்து அதைப் பொருத்தியவர் தலையைப் பிடித்துக்கொண்டார். வாவிக்கரைக்கு அழைத்துப்போய் உட்கார வைத்தேன்.

“தலையிடி விட்டிட்டுது. இப்ப ஒண்டுமில்லை,” என்றார். மத்தியானம் வயிறாரச் சாப்பிட்டார்.

மறுநாள் அவருக்கு மூச்சு இழுக்கத் தொடங்கியது. ஆஸ்பத்திரியில் நிமோனியா என்றார்கள். அந்த ஆவி நுரையீரலில் தங்கி, ஆறுதல் காட்டிவிட்டுப் பிறகுதான் கொல்லும் என்பது அங்கே யாருக்கும் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை. இரண்டொரு நாளில் இறந்துபோனார்.

யாழ்ப்பாணத்திலிருந்து வந்த அவருடைய மனைவி, “உடம்புக்கு வருத்தம் எண்டு உங்களிட்டச் சொல்லேல்லையோ?” என்று கேட்டார்.

“சுகம் என்றுதான் சொன்னார்,” என்றேன்.

அதற்குப் பிறகும் அதே ஆய்வுகூடத்தில்தான் படிப்பித்தேன். மாணவர்கள் போனதும் பக்கத்து மேசையருகே யாரோ மூச்சுக்குத் திணறுவது கேட்கும். யாருமில்லை என்று தெரிந்தும் போய் யன்னலைத் திறந்துவிடுவேன்.