தையல் மிஷினுக்கு கிரீஸ்

என் வீட்டுக்காரருக்குத் தெரிந்த வியாதி இரண்டே இரண்டுதான். ஒன்று துரு, இன்னொன்று கீச்சுச் சத்தம். இரண்டுக்கும் மருந்து கிரீஸ். துறைமுகத்தில் கிரேன்களைப் பராமரிக்கிற வேலை அவருக்கு. ராயபுரத்தில் எங்கள் வீட்டுக் கதவு திறப்பது எங்களுக்கே கேட்காது. உப்புக்காற்று இரும்பைத் தின்கிற இடம், அதனால் நானும் வாயைத் திறப்பதில்லை.

போன ஆவணியில் என் தங்கைக்குக் கல்யாணம். முகூர்த்த ரவிக்கையை என் கையால்தான் தைப்பேன் என்று வீம்பாகச் சொல்லியிருந்தேன். விடிந்தால் முகூர்த்தம், இன்னும் ஒரு கை பாக்கி. மத்தியானம் மிஷினில் உட்கார்ந்து மிதித்தால் சக்கரம் அசையவில்லை. எண்ணெய் விடுகிற துளை ஒவ்வொன்றிலும் கிரீஸ்! நூல் பிசிறெல்லாம் அதில் ஒட்டிக் களியாகியிருந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

“இன்னாய்யா பண்ணிவெச்சிகீற?”

“கடகடன்னு சத்தம் வந்துகினு இருந்துச்சி. கல்யாண நேரத்துல மக்கர் பண்ணக்கூடாதுன்னுதாம்மே...”

தினமும் சாப்பாட்டு நேரத்தில் அவர் எனக்கு எடுத்த பாடத்தையெல்லாம் அவருக்கே திருப்பிப் படித்தேன். எண்ணெயைக் கெட்டியாக்கினால் கிரீஸ். எண்ணெய் வழிந்துவிடுகிற இடத்தில் அது ஒட்டி நிற்கும், பாரம் தாங்கும், தண்ணீரை உள்ளே விடாது.

“கிரேனுக்கு சரி. இது இன்னா கப்பல்ல சரக்கா தூக்குது? ஊசிய்யா! இதுக்கு ரெண்டு சொட்டு மிஷின் எண்ணெ போதும்னு உனுக்குத் தெரியாதா?”

“தெரியும்... கையில கிரீஸ்தான் இருந்துச்சி.”

மனுஷன் தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்தார். மண்ணெண்ணெயில் பழைய பல்துலக்கியைத் தோய்த்து ஒவ்வொரு துளையாகச் சுத்தம் செய்தார். மூக்கு நுனியில் கறுப்பாக கிரீஸ். அதைப் பார்த்ததும் என் கோபம் போன இடம் தெரியவில்லை. துடைத்து எண்ணெய் விட்டதும் மிஷின் ஓடியது. விளக்கு வைப்பதற்குள் ரவிக்கை முடிந்துவிட்டது.

மறுநாள் தங்கை அதைப் போட்டுக்கொண்டு அம்மி மேல் கால் வைத்தாள். மெட்டி விரலில் ஏறவில்லை. மாப்பிள்ளைக்கு வியர்த்துக்கொட்டியது. பந்தலில் எல்லோரும் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள்.

பின்னாலிருந்து என் வீட்டுக்காரர் பதறிப்போய்க் கத்தினார்: “கிரீஸ் வேணாம்! எண்ணெயே போதும்!”

அங்கே கிரீஸ் என்று யாருமே சொல்லவில்லை. எல்லோரும் திரும்பி அவரைப் பார்த்தார்கள். தாலி ஏறிய வீட்டில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது நான் ஒருத்திதான்.