கேமரா இல்லாமல் மலைக்குப் போன ஸ்டாண்ட்

“கேமரா இங்க இருக்கு. அப்போ அந்த ஸ்டாண்ட் மட்டும் எதுக்குடி மலைக்குப் போயிருக்கு?”

சித்தி அலமாரியைத் திறந்தபடி என்னிடம் கேட்டார். பதில் எனக்குத் தெரியும். சொன்னால் சித்தப்பாவின் ஞாயிற்றுக்கிழமை பறிபோய்விடும் என்பதும் தெரியும்.

சித்தப்பா ஒரு போட்டோ ஸ்டூடியோவில் வேலை பார்க்கிறார். முன்னால் முதலாளியின் மேசை, பின்னால் ஜன்னல் இல்லாத ஓர் அறை. அதில் சாம்பல் நிறத் திரை, ஒரு முக்காலி, இரண்டு குடை விளக்குகள். “தாடையைக் கொஞ்சம் இறக்குங்க, கண்ணை மூடாதீங்க” என்று நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருப்பார். தூக்கத்திலும் அதையேதான் சொல்கிறார் என்று சித்தி கேலி செய்வார். யார் வீட்டிலாவது கல்யாணம் வந்தால் சித்தப்பா வெளியே போகலாம். அதை விட்டால் ஞாயிறு. நாலைந்து நண்பர்களோடு ஊருக்கு வெளியே இருக்கும் மலையில் ஏறுவார். அங்கே அவர் பெயரே ‘ஸ்டூடியோ’தான்.

போன வருடம் ஒரு கல்யாணத்தில், கூட்டமாக நின்றவர்களைப் படம் எடுக்க ஏணியில் ஏறியவர் வழுக்கி விழுந்தார். வலது முழங்கால் பழையபடி ஆகவில்லை. மேடு பள்ளத்தில் தடி ஊன்றி நடங்கள் என்றார் டாக்டர். வீட்டில் சித்தி வேறு சட்டம் போட்டார்.

“தடி கேக்குற காலுக்கு மலை எதுக்குங்க? தடி இல்லாம நடக்க முடிஞ்சா போங்க, நான் தடுக்கல.”

சித்தியைக் கொடுமைக்காரி என்று நினைத்துவிடாதீர்கள். அவருடைய அப்பா மாடிப்படியில் விழுந்து படுத்த படுக்கையானவர். அவரைப் புரட்டிப் படுக்கவைத்து, துடைத்து, ஊட்டி, சித்தி தன் இளமையை அந்த ஒரே அறையில் கழித்தார்.

சித்தப்பா ஒரு வழி கண்டுபிடித்தார். அவரிடம் கேமராவைத் தாங்கும் ஒற்றைக்கால் ஸ்டாண்ட் ஒன்று இருந்தது. ஒன்றுக்குள் ஒன்று நுழையும் குழாய்கள். வளையங்களைத் திருகி இறுக்கினால் வேண்டிய உயரத்தில் நிற்கும். உச்சியில் கேமராவை மாட்டும் திருகாணி உள்ளங்கையைக் குத்தாமல் இருக்கத் துணி சுற்றினார். குருவி படம் எடுக்கப் போகிறேன் என்று கிளம்பி, அதை ஊன்றியே மலை ஏறினார்.

சொன்ன பொய்க்குச் சாட்சி வேண்டுமே! ஒவ்வொரு வாரமும் ஏதாவது ஒரு குருவியோடு வீடு திரும்ப வேண்டியதாயிற்று. ஒருமுறை நானும் கூடப் போனேன். புதருக்கு முன்னால் முழங்காலை மடக்க முடியாமல் அவர் தவிக்க, நண்பர் ஒருவர், “ஸ்டூடியோ, அதை முக்காலியில உக்கார வச்சு தாடையை இறக்கச் சொல்லு!” என்று சிரித்தார்.

“சும்மா இருடா. வெறுங்கையோட போனா வீட்டுல நான்தான் மாட்டுவேன்.”

சித்திக்கோ குருவிகள் மேல் ஆசையே வந்துவிட்டது. “போன வாரம் நீலமா ஒண்ணு காட்டினீங்களே, அதோட ஜோடி எங்க?” என்று கேட்பார். முகங்களிடமிருந்து தப்பிக்க மலைக்கு ஓடியவர், அங்கேயும் முகம் தேடி அலைந்தார்.

சித்தி என்னிடம் அப்படிக் கேட்ட அந்த ஞாயிறு, சார்ஜ் போட்ட கேமராவை அலமாரியிலேயே விட்டுவிட்டார். கை மட்டும் பழக்கத்தில் ஸ்டாண்டை எடுத்துக்கொண்டு போயிருக்கிறது.

சாயங்காலம் நொண்டிக்கொண்டே வந்தார். கால்சட்டையெல்லாம் சேறு.

“இன்னைக்கு என்ன குருவி?” என்றார் சித்தி.

“ஒரே மேகம். ஒண்ணும் கிடைக்கல.”

“எதால எடுத்துப் பாத்தீங்க? கண்ணாலயா?”

சித்தி எடுத்து வைத்த கேமரா மேசை மேல் இருந்தது. சித்தப்பா அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தார். இறங்கும்போது ஸ்டாண்ட் உள்வாங்கி, தான் விழுந்துவிட்டதாகச் சொன்னார். சித்தி அதை வாங்கி, தரையில் ஊன்றி, நடக்கிறவரைப் போல மணிக்கட்டைத் திருப்பித் திருப்பி அழுத்தினார். வளையம் தளர்ந்து, குழாய் சர்ரென்று உள்ளே போனது.

“கேமராவைத் தாங்கத்தானே இதைச் செஞ்சிருக்கான்? ஆளைத் தாங்குமா?”

“தாங்காதுன்னு தெரியும்.”

“தெரிஞ்சேவா போனீங்க?”

“வாரம் பூரா அந்த ரூம்ல நிக்கிறேன். கொஞ்சம் மூச்சு விடுற இடம் அது ஒண்ணுதான் எனக்கு.”

“நீங்க விழுந்து படுத்தா நான் மறுபடியும் ஒரு ரூமுக்குள்ள போகணும். என் மூச்சைப் பத்தி யோசிச்சீங்களா?”

சித்தப்பா குனிந்து கால்சட்டைச் சேற்றைத் தட்டினார்.

மறுநாள் சித்தியே கடைக்குப் போய், மலையேறுகிறவர்கள் வைத்திருக்கும் நல்ல கைத்தடி ஒன்று வாங்கி வந்தார். மனம் இறங்கிவிட்டது என்று நான் சந்தோஷப்பட்டேன்.

“இதை ஊன்றிக்கிட்டு முதல்ல வேலைக்குப் போங்க. தெருவே பாக்கட்டும். அப்புறம் எந்த மலைக்கு வேணா போங்க. ஒளிச்சு நடக்குற மனுஷன் எங்க விழுந்து கிடக்கார்னு எனக்கு யாரு வந்து சொல்லுவா?”

சித்தப்பா தடியை வாங்கிச் சுவரில் சாத்தினார். பிறகுதான் உண்மை வெளியே வந்தது.

“நொண்டுனா சுளுக்குன்னு சொல்லிச் சமாளிச்சுடுவேன். முதலாளி இந்தத் தடியைப் பாத்தா கல்யாண வேலையை வேற ஆளுக்குக் குடுத்துடுவார். அப்புறம் எனக்கு அந்த ரூம் மட்டும்தான் மிச்சம்.”

அவர் சித்திக்கு மட்டும் பயந்து நடந்தார் என்று நினைத்திருந்தேன். ஊருக்கே பயந்து நடந்திருக்கிறார்.

ஒரு காலையில் துணிந்து தடியோடு கேட் வரை போனார். பக்கத்து வீட்டுக்காரர், “என்ன சார், காலுக்கு என்ன ஆச்சு?” என்றார்.

“காலுக்கு ஒண்ணுமில்ல சார். இது கேமரா சாமான்.”

திரும்பி வந்து தடியைக் கதவுக்குப் பின்னால் சாத்திவிட்டு, வெறுங்கையோடு நொண்டியபடி வேலைக்குப் போனார். சித்தி அடுப்படியிலிருந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தார். இப்போதெல்லாம் ஞாயிற்றுக்கிழமை கீழே நண்பர்கள் ஹாரன் அடித்தால், பால்கனியிலிருந்து ‘நீங்க போங்கடா’ என்று கையைக் காட்டிவிட்டு உள்ளே வந்துவிடுகிறார்.

அவருக்கு வலிப்பது கால்தான். கண்ணும் கையும் பழையபடிதான் இருக்கின்றன. தடி ஊன்றியவரும் கல்யாணத்தில் படம் எடுக்க முடியும். இதை முதலாளியிடம் நேரில் போய்ச் சொல்ல எங்கள் வீட்டில் ஒருவருக்கும் தைரியம் வரவில்லை. பள்ளிக்கூடம் முடித்துவிட்டு வீட்டில் இருக்கும் எனக்கு எழுதத்தான் முடிகிறது. உங்களுக்கு ஸ்டூடியோ வைத்திருக்கும் யாரையாவது தெரிந்தால் இதை அவரிடம் கொடுங்கள். படித்துவிட்டு அவர் இன்னொரு ஸ்டூடியோக்காரரிடம் கொடுக்கட்டும். கை மாறி மாறி என்றைக்காவது சித்தப்பாவின் முதலாளி மேசைக்கும் வந்து சேரும்.