பால்மா டின்னுக்குள் பழைய பிளேட்டுகள்

வைத்தியர் பத்து நாள் தவணை கொடுத்தார். அம்மாவின் வலது காலில், சுண்டுவிரலுக்கு அடியில் விழுந்த வெட்டு புண்ணாகி, விரலின் நகப்பக்கம் கறுத்துப்போயிருந்தது. கறுப்பு அதற்குமேல் ஏறாவிட்டால் விரல் தப்பும், ஏறினால் எடுத்துவிட வேண்டும் என்று அவர் சிங்களத்தில் சொன்னதை நான் அம்மாவுக்குத் தமிழில் சொன்னேன். ‘எடுத்துவிட வேண்டும்’ என்பதை மட்டும் விட்டுவிட்டேன். கண்டிச் சந்தையில் இருபது வருடம் பேரம் பேசிய அம்மாவுக்கு என்னைவிட நன்றாகச் சிங்களம் தெரியும் என்பது அந்த நேரத்தில் எனக்கு நினைவில்லை.

அந்தக் காயத்தை உண்டாக்கிய சவரப் பிளேட்டை வீட்டுக்குக் கொண்டுவந்தவன் நான். அதை எறியாமல் பத்திரமாக எடுத்து வைத்தவனும் நான். இரண்டையும் யோசித்து, நன்மை தீமை பார்த்தே செய்தேன். அதனால்தான் இதை எழுதும்போதும் களைப்பாக இருக்கிறது. யோசிக்காமல் செய்த தவறென்றால் ஒரு மன்னிப்போடு முடிந்திருக்கும்.

பட்டம் பெற்றபின் அரசாங்க நியமனத்துக்காகக் காத்திருந்தேன். அந்தக் காத்திருப்பே ஒரு தொழில்போல ஆகிவிட்ட பிறகு, கெலிஓயாவில் ஒரு தனியார் நிறுவனத்தின் வாடிக்கையாளர் கருமபீடத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். கழுத்துப்பட்டி கட்ட வேண்டும், ஒவ்வொரு நாளும் முகம் மழித்திருக்க வேண்டும் என்பவை அங்குள்ள விதிகள். அம்பிட்டியவில் நாங்கள் வாடகைக்கு இருக்கும் இரண்டு அறை வீட்டிலிருந்து விடிகாலையில் இறங்கி, கண்டிக்கு ஒரு பஸ், குட்ஷெட் பஸ் நிலையத்திலிருந்து இன்னொரு பஸ் என்று போய்ச் சேரும்போதே பாதி நாள் முடிந்தது போலிருக்கும்.

என் தாடி சுருண்டு வளர்வது. மழித்த மறுநாள் முடி தோலுக்குள்ளேயே திரும்பிப் புகுந்து சீழ்க்கட்டியாகும். விலைகள் ஏறியபிறகு, மூன்று நான்கு முறையில் எறிய வேண்டிய பிளாஸ்டிக் ரேசரை நான் மாதக்கணக்கில் இழுத்தேன். கழுத்து முழுவதும் சிவந்து புடைத்தது. முகாமையாளர் கடுமையாகப் பேசுகிறவர் அல்லர். “வாடிக்கையாளர்கள் முதலில் பார்ப்பது உங்கள் முகத்தைத்தான்” என்று மட்டும் சொன்னார். நான் இன்னும் தகுதிகாண் காலத்தில் இருந்தேன். அந்த ஒரு வசனம் போதுமாக இருந்தது.

கைத்தொலைபேசியில் தேடினேன். ஒற்றை பிளேட் பூட்டும் உலோக ரேசர்தான் இப்படிப்பட்ட தோலுக்கு நல்லது, செலவும் குறைவு என்று பலர் எழுதியிருந்தார்கள். பிளாஸ்டிக் குப்பையும் சேராது என்பது எனக்குக் கூடுதல் காரணமாயிற்று. ஆனால் அவர்கள் ஆரம்பக்காரருக்கு அவசியம் என்று போட்டிருந்த பட்டியலில் விலங்கு முடியில் செய்த தூரிகையும், கிண்ணத்தில் அடைத்த வாசனைச் சவர்க்காரமும், எல்லாவற்றையும் மாட்டிவைக்க ஒரு தாங்கியும் இருந்தன. அவர்களுடைய சிக்கனம் எனக்கு எட்டாத உயரத்தில் இருந்தது. ரேசரும் பிளேட்டும் மட்டும் வாங்குவது, குளிக்கிற சவர்க்காரத்தையே நுரைத்துக்கொள்வது என்று முடிவெடுத்தேன்.

அலுவலகத்துக்கு எதிரே, ஆணி முதல் குடை வரை விற்கும் ஒரு கடை இருக்கிறது. அதன் முஸ்லிம் உரிமையாளரை எல்லோரும் நானா என்றுதான் கூப்பிடுவார்கள்.

“நானா, பிளேட் போடுற ரேசர் இருக்கா?”

“யாருக்கு தம்பி, அப்பாவுக்கா?”

“எனக்குத்தான்.”

அவர் என் கழுத்தை எட்டிப் பார்த்தார். “பிளாஸ்டிக்கால சொறண்டி வெச்சீக்கீங்க. கோழி உரிச்ச மாதிரி ஈக்கி.” மேல்தட்டிலிருந்து ஒரு பெட்டியை எடுத்து, தூசியை உடுத்திருந்த சாரத்தில் துடைத்தார். “இதுட பாரமே போதும். நீங்க அமத்த வேணாம். அமத்தினா நாளைக்கு ஒபிசுக்கு வாரது வேற ஆளுட முகம்.” ஐந்து பிளேட் அடங்கிய சிறு பொதி ஒன்றையும், வெட்டினால் தடவிக்கொள்ள ஒரு துண்டு சீனாக்காரத்தையும் வைத்தார். “இந்தக் கல்லுக்குக் காசி வேணாம். நாளைக்கு வந்து ஏசாம ஈந்தாப் போதும்.”

அமத்த வேண்டாம் என்று அவர் சொன்னது எனக்குப் புரிந்தது. என் கைக்குப் புரியவில்லை. பிளாஸ்டிக் ரேசர் மழுங்க மழுங்க இன்னும் அழுத்தப் பழகிய கை அது. முதல் நாள் தாடையில் மூன்று இடம், மேலுதட்டில் ஓர் இடம் வெட்டுப்பட்டது. சீனாக்காரத்தை நனைத்து வைத்தபோது கண்ணில் நீர் வந்தது. தாடையில் காகிதத் துணுக்கு ஒட்டியபடியே பஸ்ஸில் போனேன். நானா கடை வாசலில் நின்றிருந்தார்.

“தம்பி, ஹஜ்ஜுப் பெருநாளுக்கு இன்னம் ரெண்டு மாசம் ஈக்கே! அதுக்குள்ள குர்பான் குடுத்துட்டீங்களா?”

தெருவில் இரண்டு பேர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. சிரித்ததில் உதட்டுக் காயம் மறுபடி திறந்தது.

மெல்ல மெல்லப் பழகினேன். சுடுநீர்த் துணியை முகத்தில் சற்று நேரம் வைக்க வேண்டும். ரேசரின் தலையைக் கன்னத்தில் வைத்து, பிளேட் தோலைத் தொடும்வரை மட்டும் கைப்பிடியைத் தாழ்த்த வேண்டும். விரல் நீளத்துக்கு மேல் ஓரிழுப்பில் போகக்கூடாது. கழுத்தில் என் முடி கீழ்நோக்கி வளராமல் காதுப்பக்கமாகச் சாய்ந்து வளர்கிறது என்பதை இருபத்தேழு வயதில்தான் கண்டுபிடித்தேன். ஒரு மாதத்தில் சீழ்க்கட்டிகள் வற்றின. ஆனாலும் அவசரமான காலைகளில் எங்காவது ஒரு கீறல் விழும். குளியலறைச் சீமெந்துத் தரையில் இரண்டு மூன்று சொட்டு இரத்தம் கிடப்பது எங்கள் வீட்டில் வழமையான காட்சியாகிவிட்டது.

பழைய பிளேட்டை என்ன செய்வது என்ற கேள்வி முதல் வாரத்திலேயே வந்தது. பல்கலைக்கழகத்தில் இறுதி வருட ஆய்வுக்காக, குப்பை தரம்பிரிக்கும் இடமொன்றில் நான் சில வாரங்கள் நின்றிருக்கிறேன். வேலை செய்தவர்களில் பலர் எங்கள் ஆட்கள், தோட்டத்திலிருந்து இறங்கியவர்கள். கையுறை கிடைத்த நாளில் போட்டுக்கொள்வார்கள். ஒரு பெண் தன் உள்ளங்கையை விரித்து, குறுக்கே ஓடிய தழும்பைக் காட்டி, “பிளேட்ட பேப்பர்ல சுத்தித்தான் போட்டிருந்தாங்க, நல்ல மனுசங்க” என்று சொன்னார். அந்தத் தழும்பை நான் மறக்கவில்லை. ஆகவே பிளேட்டுகளைக் குப்பையில் போடாமல், சமையல்கட்டுத் தட்டில் இருந்த வெறுமையான ஒரு பால்மா டின்னில் சேர்க்கத் தொடங்கினேன். நிறைந்ததும் மூடியை ஒட்டி, பழைய இரும்பு வாங்குபவரிடம் விளக்கிச் சொல்லிக் கொடுப்பது என் திட்டம்.

அம்மா சமையல்கட்டிலிருந்து பார்த்தார். “என்னாடா டின்ல போட்டுச் சேக்குற?”

“பழைய பிளேட்டும்மா. குப்பையில போட்டா அள்ளுறவங்க கைய வெட்டிரும்.”

“நல்லது. சேத்து வை.”

என் சமூக உணர்வை அம்மா மெச்சியதாக எடுத்துக்கொண்டேன். அம்மா மெச்சியது என் சிக்கனத்தை. எங்கள் வீட்டில் மிளகாய்த்தூள், பொத்தான், மெழுகுதிரித் துண்டு, ஞானஸ்நானச் சான்றிதழ் என்று எல்லாமே டின்களில்தான் இருக்கின்றன. டின்னுக்குள் வைத்த எதையும் அம்மா குப்பையாக நினைத்ததேயில்லை. இந்த வீட்டில் வளர்ந்த எனக்கு அது தெரிந்திருக்க வேண்டும்.

அம்மா முப்பது வருடம் மலையில் தேயிலைக் கொழுந்து பறித்தவர். பாதத்தின் தோல் தடித்து, விரல்களுக்கு அடியில் கால் ஆணி விழுந்திருக்கும். தோட்டத்தில் இருந்தபோது ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும், சுடுநீரில் காலை ஊறவைத்து, அப்பா மழித்து முடித்த பிளேட்டால் அந்தத் தடித்த தோலைச் சீவிவிடுவார். லயத்து வரிசைவீடுகளில் இருந்த பெண்கள் பலரும் அப்படித்தான் செய்தார்கள். அப்பா இறந்தபின் பிளேட் வீட்டுக்கு வருவது நின்றது. பிளாஸ்டிக் ரேசரால் காலைச் சீவ முடியாது. இடையில் அம்மாவுக்கு நீரிழிவு என்னும் சீனி வருத்தம் வந்து, பாதத்தின் உணர்வு கொஞ்சம் கொஞ்சமாக மரத்துப்போனது. அப்படிப்பட்ட வீட்டுக்குள்தான் நான் மறுபடி பிளேட்டைக் கொண்டுவந்தேன்.

ஒரு திங்கட்கிழமை குளியலறையில் இரத்தத் துளிகளைக் கண்டேன். என்னுடையவை என்று நினைத்து நீரூற்றிக் கழுவினேன். செவ்வாயும் கழுவினேன். புதன்கிழமை பௌர்ணமிப் போயா. விடுமுறை என்பதால் நான் மழிக்கவில்லை. ஆனாலும் தரையில் இரத்தம் கிடந்தது. குளியலறையிலிருந்து அம்மாவின் கட்டில் வரை அரைப்பாத அடையாளமாகப் போயிருந்தது.

“காலக் காட்டும்மா.”

“ஒண்ணுமில்லடா. வலியே இல்ல.”

“வலி இல்லன்னு சொல்லாத.”

“வலிச்சாத்தானடா வலிக்குதுன்னு சொல்ல?”

விரலுக்கடியில் வெட்டு வாய் திறந்திருந்தது. அதில் மஞ்சள் தூளை அப்பி, பழைய சேலைத்துணியைச் சுற்றியிருந்தார்.

“எதால வெட்டுன?”

“நீ சேத்து வச்சியே, அதாலதான். புதுசாட்டமே இருந்திச்சி. சும்மா துருப்பிடிக்க விடுறதா?”

மறுநாளே பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். ஊசியும் மருந்தும் கட்டும் கொடுத்தார்கள். இருந்தும் ஒரு வாரத்தில் விரல் கறுத்தது. அப்போதுதான் அந்தப் பத்து நாள் தவணை கிடைத்தது.

ஒவ்வொரு காலையும் முச்சக்கரவண்டியில் போய், கட்டு மாற்றும் வரிசையில் அமர்வோம். முதல் நாள் எப்படி வெட்டியது என்று தாதி கேட்டபோது, “கல்லுல இடிச்சிக்கிட்டேன் மிஸ்” என்று அம்மா எனக்காகப் பொய் சொன்னார். பிளேட் என்று நான் திருத்தினேன். தாதி எங்கள் இருவருக்கும் சேர்த்து ஏசினார். படித்த பிள்ளை வீட்டில் இருந்துமா என்று என்னைத் தனியாகக் கேட்டார். அவர் கேட்டது நியாயமான கேள்வி.

வேலையில் விடுப்புச் சொல்லியிருந்தேன். சம்பளமற்ற விடுப்பு என்று முகாமையாளர் சொன்னார். வேலை நிரந்தரமாவதைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. அந்த நாட்களில் நான் ரேசரைத் தொடவில்லை. உறுதிமொழி எடுத்தேன் என்றில்லை. அதைப் பார்க்கவே கை சோர்ந்தது. தாடி வளர்ந்த முகத்தோடு உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்து, வரிசையில் பக்கத்தில் இருந்த அம்மையார் குரலைத் தாழ்த்தி, “வீட்டுல ஏதும் காரியமா தம்பி?” என்று கேட்டார். மரணம் நிகழ்ந்த வீட்டு ஆண்கள் மழிப்பதில்லை என்பதால் அப்படிக் கேட்டார்.

நான் வாயைத் திறக்குமுன் அம்மா சொன்னார்: “இன்னும் இல்லம்மா. வெரலுக்குத்தான் பாத்துக்கிட்டு இருக்கோம்.”

அம்மையார் திகைத்து, பிறகு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அம்மாவும் சிரித்தார். எனக்கு எழுந்து வெளியே போக வேண்டும் போலிருந்தது. ஆனால் எங்கள் இலக்கம் வர இன்னும் நான்கு பேர்தான் இருந்தார்கள்.

இரவில் கணக்குப்போல யோசித்தேன். முகம் தெரியாத ஒருவரின் உள்ளங்கையைக் காக்க நினைத்தது தவறில்லை. பிளாஸ்டிக்கைக் குறைக்க நினைத்ததும் தவறில்லை. ஆனால் விளைவுகளைப் பற்றி யோசிக்கும்போது நான் எப்போதும் வாசலுக்கு வெளியேதான் பார்த்திருக்கிறேன். பிளேட் குப்பை வண்டிக்குள் போனால் என்ன நடக்கும் என்று தெரிந்த எனக்கு, சமையல்கட்டுத் தட்டில் இருந்தால் என்ன நடக்கும் என்று தோன்றவில்லை. அம்மாவோடு உட்கார்ந்து இரண்டு நிமிடம் பேசியிருந்தால் போதும். ‘இது குப்பை, தொடாதே’ என்று நான் சொல்லவில்லை. அம்மாவுக்கு விளங்கும் என்று விட்டுவிட்டேன். உண்மையில் நான் யாருக்கும் எதையும் விளக்கும் தெம்பில் அப்போது இல்லை. அதிகாலைப் பஸ்ஸைப் பிடிப்பதே பெரிய வேலையாக இருந்தது.

பத்தாம் நாள் வைத்தியர் கட்டைப் பிரித்து, விளக்கை இழுத்துப் பிடித்து, விரலை நெடுநேரம் பார்த்தார். கறுப்பு நகத்தோடு நின்றிருந்தது. நகம் போய்விடும், விரலை வைத்துக்கொள்ளலாம் என்றார். இனி ஆணியை யாரும் வெட்டக்கூடாது, வீட்டில் கண் தெரிந்த ஒருவர் தினமும் பாதத்தைப் பார்க்க வேண்டும் என்றும் சொன்னார். எனக்குப் பெரிய மகிழ்ச்சி வரவில்லை. உட்கார ஒரு கதிரை கிடைத்தால் போதும் என்றிருந்தது.

மறுநாள் மழித்துக்கொண்டு வேலைக்குப் போனேன், அதே ரேசரால்தான். அதைத் தூக்கியெறிந்திருந்தால் பார்க்கச் சுத்தமாக இருந்திருக்கும். ஆனால் பிளாஸ்டிக்குக்குத் திரும்ப என் கழுத்தும் பையும் இடம் கொடுக்கவில்லை. டின்னின் மூடியைப் பசையால் ஒட்டி, பிளேட் நுழையுமளவு ஒரு கீறல் மட்டும் விட்டு, என் அறையில் அலுமாரிக்கு மேல் வைத்தேன். அம்மாவுக்குக் காரணத்தையும் சொன்னேன். “அப்ப முன்னாடியே சொல்லியிருக்கலாமே” என்றார். அவ்வளவுதான்.

புண் முழுவதும் ஆற இரண்டு மாதத்துக்குமேல் ஆனது. இப்போது ஒவ்வொரு நாளும் வேலையிலிருந்து வந்ததும் அம்மாவின் கால்களைக் கழுவித் துடைத்து, விரல்களுக்கு இடையில் பார்க்கிறேன். பிறகு குதிக்காலில் எண்ணெய் தடவுகிறேன். முதல் முறை அம்மா கூச்சத்தில் காலை இழுத்துக்கொண்டார். “பெரிய வியாழன்ல ஃபாதரே வருசத்துக்கு ஒருக்காத்தான் காலு கழுவுறாரு. நீ என்னாடா தினமும்?” என்றார். இப்போது பழகிவிட்டது. காலை நீட்டிவிட்டு, தொலைக்காட்சித் தொடரைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

நேற்றும் அப்படித்தான். பஸ்ஸில் நின்றே வந்த களைப்பில், பாதத்தைக் கையில் ஏந்தியபடி சற்றுக் கண்மூடியிருந்தேன் போலும். அம்மா திரையிலிருந்து பார்வையை எடுக்காமலே கேட்டார்.

“முடிஞ்சிச்சாடா? கைய எடுத்திட்டியா?”

“இல்லம்மா. பிடிச்சிக்கிட்டுத்தான் இருக்கேன்.”