சூனியக்காரி வீட்டைப் பார்க்கப் போனோம்

என் கணவர் அப்போது ஈப்போவுக்கு வெளியே ஒரு ரப்பர் தோட்டத்துத் துரைக்கு மோட்டார் ஓட்டிக்கொண்டிருந்தார். நான் அதே பங்களாவில் ஆயா. துரையின் இரண்டு பெண் குழந்தைகளும் என் இடுப்பில்தான் வளர்ந்தார்கள். பங்களாவின் பின்பக்கம் வேலைக்காரர்களுக்காகக் கட்டியிருந்த வரிசையில் கடைசி வீடு எங்களுடையது. என் அம்மாவும் எங்களோடு இருந்தாள்.

துரைசானி ஸ்காட்லாந்துக்காரர். எல்லோரும் ‘மேம்’ என்று கூப்பிடுவோம். எனக்கு ஆங்கிலம் வராது, அவருக்குத் தமிழ் வராது. சந்தைக்கடையில் பேசுகிற பாசார் மலாயில்தான் எங்கள் பேச்செல்லாம். துரை தோட்டத்துக்குள் போய்விட்டால் பேச்சுத்துணைக்கு வேறு ஆள் கிடையாது என்பதால், என்னிடம் அவர் சொல்லாத கதை இல்லை.

அந்த வருஷம் அக்டோபரில் விடாமல் மழை. ஒரு நாள் வராந்தாவில் குழந்தைகளோடு உட்கார்ந்திருந்தபோது அவர் தன் ஊர்க்கதையை எடுத்தார். இந்த மாதத்தின் கடைசி நாள் அவர்களுக்கு ஹாலோவீன். ஆவிகளும் சூனியக்காரிகளும் வெளியே சுற்றுகிற நாளாம். பிள்ளைகள் முகமூடி மாட்டிக்கொண்டு வீடு வீடாகப் போவார்களாம். ஒரு கிழங்கைக் குடைந்து கண், மூக்கு, பல் வெட்டி, உள்ளே மெழுகுவத்தி ஏற்றுவார்களாம். “இங்க அந்தக் கிழங்கு கிடைக்காது. பூசணிக்காய் போதும்” என்றார். திருஷ்டிக்கு நாங்கள் போட்டு உடைக்கிற காய்க்கு இவர்கள் மூஞ்சி வைக்கிறார்களே என்று எனக்குச் சிரிப்பு வந்தது.

“எங்க ஊர் சந்தைத் திடல்லதான் அந்தக் காலத்துல சூனியக்காரிங்களைக் கட்டி வச்சு எரிச்சாங்க” என்றும் சொன்னார். பழைய பாலம் எங்கே இருந்தது என்று காட்டுவது போல அவ்வளவு சாதாரணமாகச் சொன்னார். குழந்தைகள் வாய் பிளந்து கேட்டார்கள்.

முதலில் பங்களாவிலேயே ஒரு விருந்து வைப்பதாகத்தான் திட்டம். ஈப்போ கிளப்பில் அவருடைய சிநேகிதிகள் அதை மாற்றிவிட்டார்கள். தெலுக் ஆன்சன் போகிற வழியில், ஆற்றோரமாக ஒரு சின்ன ஊர் இருக்கிறது, அங்கே ஒரு தமிழ்ச் சூனியக்காரி இருந்தாளாம், அவள் வீட்டுப் பக்கம் இன்றைக்கும் யாரும் போவதில்லையாம் என்று ஒருத்திக்கு அவள் சமையல்காரன் சொல்லியிருக்கிறான். அவ்வளவுதான், எல்லோருக்கும் ஆசை வந்துவிட்டது. மூன்று மோட்டாரில் போவது, முகமூடியும் கறுப்பு அங்கியும் போட்டுக்கொள்வது, பொழுது சாயும் நேரத்தில் அந்த வீட்டைச் சுற்றிப் பூசணி விளக்கு வைத்துவிட்டு அங்கேயே சாப்பிடுவது என்று பேசி முடித்துவிட்டார்கள். அங்கி தைக்கிற வேலை என்னிடம் வந்தது.

பின்கட்டில் உட்கார்ந்து கறுப்புத் துணியை ஓரம் மடித்துத் தைத்துக்கொண்டிருந்தேன். என் கணவர் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு வந்து நின்றார். முகமே சரியில்லை.

“என்னாங்க?”

“மேம் என்னைய முன்னாடியே போயி அந்த வீடு எங்க இருக்குன்னு பாத்துட்டு வரச் சொல்றாங்க.”

“எந்த ஊரு?”

அவர் ஊரின் பெயரைச் சொன்னார். நான் அதை இங்கே எழுதப் போவதில்லை. அங்கே இப்போதும் ஆள்கள் இருக்கிறார்கள். பெயரைக் கேட்டதும் ஊசியைத் துணியிலேயே குத்தி வைத்துவிட்டேன்.

அந்தச் சூனியக்காரி என் அம்மா.

அந்த ஊரை ஒட்டிய தோட்டத்தில்தான் நான் பிறந்தேன். அப்பா பால்மரம் வெட்டி ரப்பர்ப் பால் எடுத்தவர், எனக்கு நினைவு தெரியும் முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார். அம்மா மருத்துவச்சி. தோட்டத்து ஆள்கள் வரிசையாகக் குடியிருந்த லயத்திலும் சரி, கடைத்தெருவிலும் சரி, பிரசவம் என்றால் அம்மாவைத்தான் தேடி வருவார்கள். ஊர்க்கோடியில் சொந்தமாக ஓலை வேய்ந்த ஒரு அத்தாப்பு வீடு கட்டி, வாசலில் கொய்யாக்கன்று வைத்திருந்தாள்.

பிறகு அந்த விஷக்காய்ச்சல் வந்தது. காலையில் வேலைக்குப் போனவர்கள் மறுநாள் எழுந்திருக்கவில்லை. அம்மா எங்கள் பக்கத்து லயத்தில் பிடிவாதமாக நின்றாள். காய்ச்சல்காரர்களைத் தனியே ஒரு கொட்டகையில் போட்டாள். தண்ணீரைக் கொதிக்க வைக்காமல் யாரையும் குடிக்க விடவில்லை. கஞ்சியைக் கையால் ஊட்டினாள். பிணம் பார்க்கக்கூட ஆள்கள் வந்து போகக் கூடாது என்று வாசலில் நின்று சண்டை போட்டாள். அந்த லயத்தில் சாவு குறைவு. மற்ற லயங்களில் அப்படி இல்லை. தன் ஆள்களைக் காப்பாற்ற, சாவை ஏவிவிட்டு மற்ற வீடுகளுக்கு அனுப்புகிறாள் என்று பேச்சு கிளம்பியது. இரண்டு பிள்ளைகளை அடுத்தடுத்துப் பறிகொடுத்த கங்காணியின் மனைவி, கிணற்றடியில் அம்மாவின் குடத்தைப் பிடுங்கி எறிந்தாள். அதற்குப் பிறகு எங்களுக்குக் கடையில் அரிசி கொடுக்கவில்லை. ஒரு நாள் காலையில் கூரையில் கல் விழுந்தது. அன்றே அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு ஈப்போவுக்கு வந்துவிட்டாள்.

இதையெல்லாம் அவள் ஒருபோதும் மறைத்ததில்லை. என்னைப் பெண் கேட்டு வந்தவரிடம் முதல் பேச்சே அதுதான். “என்னையச் சூனியக்காரின்னு விரட்டுன ஊரு ஒண்ணு இருக்கு. யோசிச்சுட்டுச் சொல்லுங்க.” என் கணவர் யோசிக்கவே இல்லை. “நாலு பேரு பயப்படுற மாமியாரு கெடச்சா நல்லதுதானே” என்றார். அந்தப் பதிலுக்காகவே அம்மா அவருக்கு என்னைக் கொடுத்தாள் என்று நினைக்கிறேன்.

அன்று சாயங்காலம் மூவரும் அடுப்படியில் உட்கார்ந்திருந்தோம். எப்படிச் சொல்வது என்று நான் தயங்க, அவரே சொல்லிவிட்டார். அம்மா அழுவாள் என்று நான் எதிர்பார்த்தேன்.

“என்னத்தப் பாக்க வாராங்களாம்?” என்றாள்.

“வீட்டைத்தான், அத்தை.”

“அத்தாப்புக் கூரை, இந்நேரம் இடிஞ்சுபோயிருக்கும். மூஞ்சியில முகமூடி வேறயா?”

“ஆமா.”

விறகை அடுப்புக்குள் தள்ளினாள். “நீங்க எதுக்கு மாப்பிள்ள ஊரானைப் போயி வழி கேக்கணும்? வீட்டுக்காரி நான் இருக்கேன்லா. நானே வந்து காட்டுறேன். ஆனா முகமூடி போட்டுக்கிட்டு என் வாசப்படி மிதிக்கக் கூடாது. இருட்டுனப்புறம் போறதும் வேணாம். திருடன் மாதிரி அந்த ஊரை விட்டு வந்தேன், திருடன் மாதிரி உள்ள போக மாட்டேன். இதை நீ போயி மேம்கிட்ட சொல்லு.”

சொல்ல வேண்டியது நான். வேலை போனாலும் போகட்டும் என்று, தைத்து முடித்த அங்கிகளை மடித்து எடுத்துக்கொண்டு மறுநாள் காலையில் மேம் எதிரில் போய் நின்றேன்.

“மேம், நீங்க பாக்கப் போற சூனியக்காரி என் அம்மா. உயிரோடதான் இருக்காங்க. பின்னால கடைசி வீட்டுல.”

தன் மலாய்தான் தகராறு செய்கிறது என்று நினைத்து என்னைத் திரும்பச் சொல்லச் சொன்னார். திரும்பச் சொன்னேன். கிணற்றடி, குடம், கல் எல்லாவற்றையும் சொன்னேன்.

மேம் நாற்காலியில் உட்கார்ந்தார். “எங்க ஊர்ல எரிச்சாங்களே, அவங்கள்ல ஒருத்தி பிரசவம் பாக்குறவ. என் பாட்டி சொல்லுவாங்க. சின்ன வயசுல அந்தத் திடல்ல ஓடிப் பிடிச்சு விளையாடியிருக்கேன். அவளுக்கும் ஒரு மகள் இருந்திருப்பாளோன்னு ஒரு நாள்கூட நெனச்சதில்ல.” பிறகு, “உங்க அம்மா என்கூட வருவாங்களா?” என்று கேட்டார்.

அம்மாவின் நிபந்தனைகளைச் சொன்னேன். அத்தனைக்கும் தலையாட்டினார். சிநேகிதிகளுக்குச் சேதி போனது. முகமூடி இல்லை, இருட்டு இல்லை என்றதும் ஒருத்திக்குத் தலைவலி, இன்னொருத்தி வீட்டுக்கு விருந்தாளி. கடைசியில் எங்கள் மோட்டார் ஒன்றுதான் புறப்பட்டது.

அந்த வருஷம் தீபாவளியும் ஹாலோவீனை ஒட்டியே வந்தது. அம்மா வெள்ளைச் சேலையைக் கஞ்சி போட்டுக் காயவைத்திருந்தாள். எண்ணெய் தடவி, இறுக்கிக் கொண்டை முடிந்துகொண்டாள். பின்சீட்டில் ஏறப் போனவளை மேம் தடுத்தார். “வழி காட்டுறவங்க முன்னாடிதான் உட்காரணும்” என்றார். அம்மா மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தாள். நானும் மேமும் குழந்தைகளும் பின்னால்.

மத்தியானம் ஊருக்குள் நுழைந்தோம். பண்டிகைச் சாமான் வாங்க வந்த கூட்டம் கடைத்தெருவை அடைத்துக்கொண்டிருந்தது. ஊர்க்கோடி வழியாகப் போனால் யாரும் பார்க்கமாட்டார்கள் என்று என் கணவர் காரைத் திருப்பப் பார்த்தார். “கடைத்தெருவுலயே நிறுத்துங்க மாப்பிள்ள” என்றாள் அம்மா.

இறங்கினாள். ஒரு காலத்தில் அரிசி தர மறுத்த அதே கடையில் போய் வெற்றிலை பாக்குக் கேட்டாள். கடைக்காரர் நிமிர்ந்து பார்த்தார், அவர் கை தராசிலேயே நின்றுவிட்டது. மோட்டாரைப் பார்த்தார், வெள்ளைக்காரியைப் பார்த்தார், மறுபடியும் அம்மாவைப் பார்த்தார். “வாங்கக்கா” என்று சொல்லி வெற்றிலையை எடுத்து வைத்தார். அதற்குள் தெரு முழுக்கச் செய்தி பரவிவிட்டது. நாங்கள் நடக்க நடக்கப் பின்னால் ஒரு கூட்டம், கொஞ்சம் தள்ளியே வந்தது.

வீடு இருந்த இடத்தில் மண்மேடும் நாலு கட்டையும்தான் மிச்சம். கொய்யாக்கன்று மட்டும் பெரிய மரமாகி, கிளை தாழக் காய்த்துக் கிடந்தது. பழம் உதிர்ந்து உதிர்ந்து தரையெல்லாம் ஒரே வாசனை. இத்தனை வருஷத்தில் ஒரு பிள்ளைகூட அதில் கை வைக்கவில்லை என்று பார்த்தவுடனே தெரிந்தது. கூட்டத்தில் ஒரு சிறுமி தன் தம்பியிடம், “உள்ள ரத்தம், தொடாத” என்று கிசுகிசுத்தது என் காதில் விழுந்தது.

அம்மா கை நீட்டி ஒரு பழத்தைப் பறித்தாள். சேலையில் துடைத்துக் கடித்தாள். உள்ளே நல்ல சிவப்பு. எல்லோரும் பார்க்க நின்று, நிதானமாகத் தின்று முடித்தாள். பிறகு மடி நிறையப் பறித்துக்கொண்டு பிள்ளைகள் பக்கம் திரும்பினாள்.

“நான் வச்ச மரம். செங்கொய்யா. உள்ள செவப்பாத்தான் இருக்கும். இந்தாங்க.”

ஒருவரும் அசையவில்லை. மேம் முன்னால் வந்து ஒன்றை எடுத்துக் கடித்தார், தன் பெண்களுக்கும் ஆளுக்கொன்று கொடுத்தார். கூட்டத்துக்குப் பின்னாலிருந்து, இடுப்பில் குழந்தையோடு ஒரு இளம்பெண் விலக்கிக்கொண்டு வந்தாள். “நான் பொறந்தப்ப என்னைய எடுத்தது நீங்கதான்னு எங்கம்மா சொல்லியிருக்காங்க. எனக்கு ஒண்ணு குடுங்க” என்றாள். அதற்குப் பிறகு பிள்ளைகளைப் பிடித்து நிறுத்த முடியவில்லை. மடி காலியானதும் மரத்தில் ஏறிவிட்டார்கள்.

அந்தச் சத்தத்துக்கு நடுவில்தான் கங்காணியின் மனைவி வந்தாள். முடி நரைத்துப்போயிருந்தது. அம்மாவுக்கு எதிரே வந்து நின்றாள்.

அம்மாதான் முதலில் பேசினாள். “உன் புள்ளைங்களை நான் கொல்லல. கதவைத் தொறக்க மாட்டேன்னுட்ட. தொறந்திருந்தாலும் காப்பாத்தியிருப்பேனான்னு தெரியாது. ஆனா உன் வாசல்ல விடியிற வரைக்கும் நின்னுக்கிட்டுதான் இருந்தேன்.”

“தெரியும்” என்றாள் அவள். “சன்னல் வழியாப் பாத்தேன்.”

கீழே உட்கார்ந்து அழத் தொடங்கினாள். அம்மா அவளைத் தூக்கிவிடவுமில்லை, தள்ளவுமில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, வாங்கி வந்த வெற்றிலையைப் பிரித்து, ஒன்றில் சுண்ணாம்பு தடவி மடித்து அவள் கையில் கொடுத்தாள். இரண்டு பேரும் மென்றுகொண்டிருந்தார்கள். மேம் என்னைப் பார்த்தார். என்ன நடக்கிறது என்று நான் மலாயில் சொல்ல முயன்றேன், பாதியில் நிறுத்திவிட்டேன். அவருக்குப் புரிந்திருந்தது.

நான் அம்மாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். கல் விழுந்த அந்தக் காலையில் என் கையைப் பிடித்திழுத்துக்கொண்டு ஓட்டமும் நடையுமாக வந்தவள், இப்போது அதே மண்ணில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். இவள் வயிற்றில் பிறந்தேன் என்று கத்திச் சொல்ல வேண்டும் போல இருந்தது. சொல்லத் தேவையில்லை. கூட்டத்தில் பல பேர் என் முகத்தைப் பார்த்து, “மகளாத்தான் இருக்கும், அதே சாடை” என்று பேசிக்கொண்டார்கள்.

சில மாதங்கள் கழித்து அந்த ஊரிலிருந்து ஒருவன் பஸ் பிடித்து வந்தான். மனைவிக்கு மாதம் நெருங்கிவிட்டது, முன்கூட்டியே வந்து தங்க வேண்டும் என்று அம்மாவிடம் கும்பிட்டுக் கேட்டான். அம்மா மறு பேச்சில்லாமல் சேலைகளை எடுத்து மூட்டை கட்டினாள். ஆண் குழந்தை. அங்கேயே இருந்துவிடுங்கள், பழைய இடத்திலேயே வீடு கட்டித் தருகிறோம் என்று நாலு பெரியவர்கள் வந்து கேட்டார்களாம்.

“வேலைன்னா கூப்புடுங்க, வாரேன். குடியிருக்க எம் மக வீடு இருக்கு” என்று சொல்லிவிட்டு அடுத்த பஸ்ஸில் ஏறி வந்துவிட்டாள். அதற்குப் பிறகு அந்த ஊரிலிருந்து ஆள்கள் வந்துகொண்டேதான் இருந்தார்கள். வருகிறவர்கள் தோட்டத்து வாசலில் நின்று, மருத்துவச்சி அம்மா வீடு எது என்று கேட்பார்கள். கையில் என்ன வேலை இருந்தாலும் போட்டுவிட்டு, நானே போய் அவர்களை அழைத்து வருவேன்.